நாடற்ற நாயகி: சித்திரக்கதைப் பெண்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

சித்திரக்கதை என்றால் சின்னப்பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் என்று நமது விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். சிறுகதைக்கு வரலாறு உண்டு, நாவலுக்கு உண்டு, சினிமாவுக்குக்கூட உண்டு. காமிக்ஸுக்கு மட்டும் ஏக்கப் பெருமூச்சோடு எழுதப்படும் பால்யகால நினைவுகள்தான் உண்டு. ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தலைமுறைச் சேரிப் பிள்ளைகள் பலருக்கும், பாடப்புத்தகத்துக்கு அடுத்ததாகக் கைக்குச் சிக்கிய அச்சு இதுதான். ஒன்றிரண்டு ரூபாய்ப் புத்தகம். அதையும் காசு கொடுத்து வாங்கினவங்க கொஞ்சம். வாடகைக்கு எடுத்தது, பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தது, அட்டை கிழிந்து நாலு கை மாறி வந்தது என்றுதான் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. அப்படி வந்த புத்தகம் யாரை நாயகி என்று காட்டியது, யாரைக் காட்டாமல் விட்டது என்று கேட்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

இதை வட்டக்கானலில் இருந்து கேட்கிறேன். கொடைக்கானல் ஏரியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். இராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் கூட்டமாக வந்து தங்குவதால் 'குட்டி இஸ்ரேல்' என்று பேர் வாங்கிவிட்டது. வருகிறவர்கள் மேகத்தைப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் தங்கின அறையைக் கூட்டிப் பெருக்குகிற பொம்பளையும், கேரட் தோட்டத்தில் களை எடுக்கிற பொம்பளையும், விறகுக் கட்டோடு ஏறி வருகிற பொம்பளையும் படத்துக்குள் வருவதில்லை. வந்தாலும் ஓரத்தில், பேர் இல்லாமல் வருகிறார்கள். காமிக்ஸ் கட்டமும் கேமரா கட்டமும் இந்த விஷயத்தில் ஒண்ணுதான்.

இரண்டு முதல் இதழ்கள்

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஒரு ஆண். பிறகு வந்தவர்களும் ஆண்களே. பெண்கள் இருந்தார்கள், ஆனால் யாருக்கோ உரியவர்களாக இருந்தார்கள். துப்பறியும் ஜானி நீரோவுக்குக் காரியதரிசி ஸ்டெல்லா. மாண்ட்ரேக்குக்கு நர்தா. வேதாளருக்கு டயானா. கடத்தப்படுவதும் காப்பாற்றப்படுவதும் அவர்களின் வேலை. இதைப் பெண்ணியவாதிகள் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். நாம் சேர்க்க வேண்டியது இன்னொன்று. மாண்ட்ரேக்கின் நிழலாக நடக்கும் லொதார் ஆப்பிரிக்க இளவரசனாகப் பிறந்தவன். ஆனால் வேலை என்னவோ அடிதடியும் எடுபிடியும். காட்டுக்குள்ளே மண்டையோட்டு ஆசனத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்திருப்பான். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களான குள்ளர்கள் அவனுக்குக் காவல் இருப்பார்கள். பரம்பரைத் தொழில், பரம்பரை விசுவாசம். இந்தக் கதை தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அந்நியமாகத் தோன்றாமல் போனதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

1984 ஜூலையில் ஒரு சுவையான விஷயம் நடந்தது. ஒரே மாதத்தில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி' கதையோடு வந்தது. சிவகாசியின் லயன் காமிக்ஸ், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையோடு வந்தது. தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பெண் தேடப்படும் பொருள். பேரும் இல்லை, அழகி, அவ்வளவுதான். மற்றதில் பெண்ணுக்குப் பேர் இருக்கிறது. கதையும் அவளுடையது. தமிழில் ஒரு காமிக்ஸ் இதழ் ஒரு பெண்ணை முன்னே நிறுத்தித் தன் முதல் அடியை எடுத்து வைத்தது என்பது, ஆண் சாகசத்தையே தின்று வளர்ந்த இந்தத் துறையில் சின்ன விஷயம் இல்லை.

பேர் இல்லாத பிள்ளை

யார் இந்த மாடஸ்டி பிளைஸி? பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் லண்டன் மாலைப் பத்திரிகையில் தொடங்கிய தினசரித் தொடர். 2001 வரை ஓடியது. 1970-ல் ஹோல்டவே இறந்த பிறகு ஸ்பெயின்காரரான ரொமெரோ வரைந்தார்.

இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை ஓ'டானலே சொல்லியிருக்கிறார். 1942-ல் அவர் பிரிட்டிஷ் படையாளாக வட ஈரானில் இருந்தார். போரிலிருந்து தப்பி அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் தன்னந்தனியாக ஒரு சிறுமி. பன்னிரண்டு வயது இருக்கலாம். கட்டையில் ஆணி அடித்துச் செய்த ஒரு ஆயுதத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். படையாட்கள் கொடுத்த சாப்பாட்டைத் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டாள். ஒரு சிரிப்பு. அப்புறம் நடந்து போய்விட்டாள். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்தபோது பிறந்தவள்தான் மாடஸ்டி.

கதையில் அவள் கிரேக்கத்து அகதி முகாமிலிருந்து ஓடி வந்தவள். அம்மா அப்பா நினைவில்லை. நாடு இல்லை. பேரும் இல்லை. இன்னொரு அகதியான ஒரு முதிய பேராசிரியரை அவள் காப்பாற்றுகிறாள். அவர் அவளுக்குப் படிப்புச் சொல்லித் தருகிறார், பேரும் வைக்கிறார். பாலைவனங்களைத் தாண்டி டான்ஜியர் போய், ஒரு கடத்தல் கூட்டத்துக்கே தலைவியாகிறாள். அவளுடைய தோழன் வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். இருவருக்கும் காதல் இல்லை, கல்யாணம் இல்லை. சமமான நட்பு இருக்கிறது. கட்டளை அவளிடம் இருக்கிறது. ஆணும் பெண்ணும் இப்படி நிற்கிற படத்தைத் தமிழ் வாசகன் அதுவரை அதிகம் பார்த்ததில்லை.

புகழ்ந்தது போதும். மறுபக்கமும் இருக்கிறது. பணக்காரியான பிறகு மாடஸ்டி லண்டனில் மாடி வீடு எடுக்கிறாள். பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி ஒருவர் கேட்கும்போதெல்லாம் உதவிக்குப் போகிறாள். நாடற்றவளை எடுத்து, சாம்ராஜ்யம் தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அவளுடைய வீட்டில் சமைத்து, துணி மடித்து, கதவு திறக்க ஒரு ஆசிய வேலைக்காரப் பையன் இருக்கிறான், பேர் வெங். அவனும் வேர் பிடுங்கப்பட்டு வந்தவன்தான். அவனுக்கு மட்டும் ஏன் சாகசம் இல்லை? ஏணியில் ஏறினவள் ஏணியைத் திருப்பி வைக்கவில்லை. நம்மிடையே ஏறினவர்களையும் இந்தக் கேள்வி தொடட்டும்.

அதே வருஷம், இதே மலை

1963-ல் லண்டனில் ஒரு நாடற்ற பெண்ணின் கதை தொடங்கியது. அடுத்த வருஷம், 1964 அக்டோபரில், சிரிமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1948-லேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. தேயிலையும் ரப்பரும் வளர்த்த கைகள், பெரும்பாலோர் தலித்துகள். இந்த ஒப்பந்தம் அவர்களைத் தலைகளாக எண்ணிப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, 'தாயகம் திரும்பியோர்' என்ற முத்திரையோடு அவர்கள் வந்தார்கள். திரும்புவதற்கு அவர்களில் பலர் இந்தத் தாயகத்தை முன்னே பின்னே பார்த்ததுகூட இல்லை. பழக்கப்பட்ட குளிரைத் தேடி நீலகிரிக்கும் இந்தப் பழனி மலைக்கும் ஏறி வந்த குடும்பங்கள் உண்டு. இங்கே புல்வெளிகளை அழித்து வனத்துறை வைத்த வாட்டில் மரம், நாம் சீகை என்கிறோமே, அது காடாக வளர்ந்து நின்றது. அந்தப் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்குப் போகும். பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் ஆள் வேண்டும். ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுப்பார். முன்பணம் கடனாகும். கடன் சங்கிலியாகும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கொடைக்கானல் மலைக் காடுகளில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாக இருந்தது 1980-களில் வெளியே தெரிய வந்து, மீட்க வேண்டியிருந்தது.

ஆக, 1984-ல் தமிழ்ச் சிறுவர்கள் கையில் ஒரு நாடற்ற பெண்ணின் சாகசக் கதை இருந்தது. அதே ஆண்டில் இலங்கைப் போர்ச் சூழலில் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அதே காலத்தில் இந்த மலையில் நாடற்றவர்களாக இருந்து வந்த பெண்கள் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, அட்டை கடித்த காலோடு, மேஸ்திரியின் பார்வைக்கும் கைக்கும் தப்பித்து, ராத்திரியில் கஞ்சி காய்ச்சியவர்கள். ஆணி அடித்த கட்டை கழுத்தில் தொங்காவிட்டாலும், இடுப்பில் அரிவாள் இருந்தது. இவர்களில் யாரும் நாயகி இல்லையாம்! சிவகாசியை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். காமிக்ஸ் அச்சான அந்த ஊரைச் சுற்றி, விடியுமுன்னே கம்பெனி வண்டி ஏறித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன சிறுமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1986-ல்தான். வெளிநாட்டு நாயகிக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அவளது கதையைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

இதற்குப் பதிப்பாளர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை. உரிமை வாங்கி, மொழிபெயர்த்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் எங்கள் கைக்கும் வந்தது. கேள்வி நம் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பார்த்து.

மையினால் உடுத்திய சேலை

வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் போடும்போது இன்னொரு வேலையும் நடக்கும். நாயகியின் உடம்பு அதிகமாகத் தெரிகிற இடத்தில் மையைத் தொட்டு உடை வரைந்துவிடுவார்கள். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், பண்பாடு கெடக் கூடாது. சரி, இருக்கட்டும். ஆனால் எந்தப் பண்பாடு? தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடியதற்காக அடிக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் 1822-ல் தொடங்கி, 1859-ல் அரச ஆணை வருகிறவரை நடந்தது. அந்த ஆணையும்கூட மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. காகிதத்தில் இருந்த வெள்ளைக்காரிக்கு உடை போட்டுவிடத் துடித்த அதே சமூகம்தான், உயிருள்ள பெண்கள் துணி போட்டபோது உருவியது. பெண்ணின் உடம்பை மூடுவதா திறப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை தன் கையில் இருக்க வேண்டும் என்பதே சாதியின் அக்கறை. மானம் என்பது அதற்கு அது வைத்துக்கொண்ட பேர்.

ராணிகளின் கதை

இந்தியாவிலேயே வரைந்த நாயகிகள் இல்லையா? இருக்கிறார்கள். 1967-ல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்ர கதா வரிசையில் சாவித்திரி, சகுந்தலை, பத்மினி, மீராபாய், சாந்த் பீபி, ஜான்சி ராணி, நமது கண்ணகி என்று பெண்கள் நிறையப் பேர். தமிழிலும் வந்தார்கள். வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரியும். ராணி, அல்லது பத்தினி, அல்லது பக்தை. ராணி பத்மினி தீயில் இறங்குவது தியாகமாக வரையப்பட்டது. உடன்கட்டையைச் சட்டம் தடை செய்தது 1829-ல், ஆனால் 1987-லும் ராஜஸ்தானத்தின் தேவராலாவில் ரூப் கன்வர் எரிந்தாள். நல்லவர்களுக்கு வெளுத்த நிறம், அசுரர்களுக்குக் கறுத்த நிறம். எங்க பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில் தங்கள் நிறத்தைத் தேடினால் அசுரர் பக்கத்தில்தான் கிடைத்தது. அம்பேத்கருக்கு 1979-லும் சோகாமேளருக்குப் பிறகும் புத்தகம் போட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் தலித் பெண்?

ஜான்சியின் படையில் ஜல்காரி பாய் இருந்தாள். கோரி சாதியில் பிறந்த நெசவாளிப் பெண். ராணியின் சாயலில் இருந்ததால், ராணி தப்பிப்பதற்காக ராணி வேடத்தில் எதிரியின் முன்னே போய் நின்றவள் என்று வட இந்தியத் தலித் மக்கள் சொல்கிறார்கள். லக்னோவின் சிக்கந்தர் பாகில் 1857 நவம்பரில் மரத்திலிருந்து சுட்டு மடிந்த ஊதா தேவி பாசி சாதிப் பெண். இவர்களைப் பெரிய பதிப்பாளர்கள் மறந்த காலத்தில் சந்தைகளில் விற்ற குறுநூல்களும் பாட்டும் நாடகமும் உயிரோடு வைத்திருந்தன. 2001-ல் ஜல்காரிக்குத் தபால்தலையே வந்தது. நம் பக்கம் வேலு நாச்சியாரின் படையில் இருந்த குயிலியின் கதை இதே மாதிரி வாய்மொழியில் வாழ்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. ஜல்காரியும் குயிலியும் ராணிக்காகத் தங்களைக் கொடுத்தவர்களாகவே சொல்லப்படுகிறார்கள். நமது நாயகி அடுத்தவளின் மகுடத்தைக் காப்பாற்றச் செத்தால்தான் நாயகியா? தனக்காக, தன் சேரிக்காக, தன் கூலிக்காக நின்றவள் எங்கே?

டார்ச்சியும் பாதரசமும்

அமெரிக்காவில் 1941-ல் வொண்டர் வுமன் வந்தாள். கொடியின் நிறத்தில் உடுப்பு, தேவதைப் பிறப்பு. 2016-ல் ஐக்கிய நாடுகள் சபை அவளைக் கௌரவத் தூதராக அறிவித்தது. அந்தச் சபையின் ஊழியர்களே எதிர்த்ததில் ரெண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. நமக்கு நெருக்கமானவள் அவளுக்கு நாலு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். கறுப்பின மக்களின் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரில் 1937-ல் ஜாக்கி ஓர்ம்ஸ் என்ற கறுப்பினப் பெண் வரைந்த டார்ச்சி பிரவுன். தென்மாநிலத்துப் பண்ணையிலிருந்து நியூயார்க்குக்கு ரயில் ஏறுகிறாள். வெள்ளையருக்கு இந்தப் பக்கம், கறுப்பருக்கு அந்தப் பக்கம் என்று பலகை. படிக்கத் தெரியாதவள் மாதிரி பாவனை செய்து, வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள்! இரட்டைக் குவளை வைத்த டீக்கடை பார்த்த நமக்கு அந்தக் குறும்பு விளக்காமலே விளங்கும்.

1950-களில் ஓர்ம்ஸ் டார்ச்சியைத் திரும்பவும் வரைந்தார். அதில் டார்ச்சியும் அவள் காதலிக்கிற மருத்துவரும் ஒரு ரசாயன ஆலையின் நஞ்சையும் ஆலைக்காரனின் நிறவெறியையும் சேர்த்தே எதிர்க்கிறார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் அரசியலுக்குள் வருவதற்கு முன்பே, கழிவு யார் குடியிருப்பில் கொட்டப்படும் என்று ஒரு கறுப்பினப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

கொடைக்கானல்காரர்களுக்கு இது கதை இல்லை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானி ஆலை 1983-ல் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. வேலிக்குப் பின்னால் பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் வட்டக்கானல் பக்கமாக இறங்கிச் சமவெளிக்குப் போகிறது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை மக்களும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தார்கள், ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு வரவில்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. பதினைந்து வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இந்த விஷயத்தை உலகம் பூராவும் கொண்டுபோனது நல்ல காரியம். ஆனால் பாதரசம் ஒட்டிய சட்டையை வீட்டில் துவைத்த கை யாருடையது? நோயாளிப் புருஷனுக்கு மருந்து வாங்கக் காதில் கிடந்ததைக் கழற்றியது யார்? இந்த வரலாற்றை ஒரு பெண்ணின் பக்கமிருந்து கட்டம் கட்டமாகச் சொல்ல நமக்கு ஒரு டார்ச்சி இல்லை.

கட்டத்தை உடைத்தவர்கள்

வழி இல்லாமல் இல்லை. 1994-ல் ஒரிஜித் சென் நர்மதைப் போராட்டத்தைச் சித்திரக்கதையாக்கியபோது, ரெல்கு என்ற ஆதிவாசிப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். ஈரானின் மர்ஜானே சத்ரபி கறுப்பு வெள்ளையில் தன் பால்யத்தை வரைந்தார். விடியல் பதிப்பகம் அதைத் தமிழில் கொண்டுவந்தபோது, ஒரு பெண்ணின் தன்வரலாறு காமிக்ஸாக முடியும் என்பதை நாம் பார்த்தோம். 2011-ல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' இன்னும் ஒரு படி மேலே. அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். கட்டத்துக்குள் ஆட்களை அடைத்தால் மூச்சு முட்டும் என்று கட்டத்தையே விட்டுவிட்டார்கள். அன்பாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவத்தில் வருகிறது. சாதித் திமிரில் பேசுகிறவர்களின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கிறது. யாருடைய சொல் கொட்டும் என்று கொட்டு வாங்கினவளுக்குத்தான் தெரியும். ஒரு ஆதிவாசிப் பெண்ணின் கை தூரிகை பிடித்தபோது இலக்கணமே மாறியது. அதே ஆண்டில் ஸ்ரீவித்யா நடராஜனும் அபராஜிதா நினானும் பூலேயின் 'குலாம்கிரி'யை வைத்துச் செய்த சித்திர நூலில் சாவித்திரிபாயும் வருகிறார், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மேலே சாணி வீசப்பட்ட அந்த ஆசிரியை.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மாங் சாதியைச் சேர்ந்த முக்தா சால்வே. 1855-ல், பதினான்கு வயதில், மகர் மாங் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதி அச்சேற்றியவள். அவளுக்குப் பறக்கத் தெரியாது, கத்திச் சண்டை தெரியாது. எங்களுக்கு வேதம் இல்லை என்றால் எங்கள் மதம்தான் எது என்று கடவுளையே கேட்கத் தெரிந்தது. இதைவிட வேறென்ன சாகசம் வேண்டும்?

தமிழில் பாமாவின் 'கருக்கு' 1992-லும் 'சங்கதி' 1994-லும் வந்துவிட்டன. நம் பொம்பளைகளின் கேலியும் ஏச்சும் பேய்க்கதையும் ஒப்பாரியும் எழுத்தில் ஏறியாகிவிட்டது. படத்தில் ஏறவில்லை. படம் எழுத்துத் தெரியாதவருக்கும் பேசும். நாற்று நடுகிற அம்மாவும் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகளும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடிகிற வடிவம் இது ஒன்றுதான். இதை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற பெண்கள் இப்போது எண்பதை எட்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். பட்டை உரிக்கிற கத்தி எப்படி இருக்கும், கூலி எப்படிக் கணக்குப் பார்த்தான், யார் முதலில் எதிர்த்துப் பேசினாள், அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள். மாலைப் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து, அவங்க பாட்டியை வரையச் சொல்லுங்கள். வெளுப்பாக வேண்டாம், பாட்டி என்ன நிறமோ அந்த நிறத்தில். ராணியாக வேண்டாம், விறகுக் கட்டோடு. முக்கியமாக, அந்தப் பக்கத்தில் அவள் பேரை எழுதச் சொல்லுங்கள்.